லோதி தோட்டத்தை எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி இதுதான்: மார்ச் முதல் வாரம் குடும்பத்தோடு தில்லி போகிறீர்கள். செங்கோட்டைக்கும் குதுப் மினாருக்கும் நடுவில் ஒரு காலைப்பொழுது மிச்சம் இருக்கிறது. லோதி தோட்டம் போகலாமா, அது வெறும் நடைப்பயிற்சிப் பூங்காதானா, முழங்கால் வலி உள்ள அம்மாவும் எட்டு வயதுப் பையனும் சமாளிப்பார்களா?

தாராளமாகப் போகலாம். கட்டணம் கிடையாது, பாதைகள் சமதளம். எங்கே பார்த்தாலும் உட்கார இடம் இருக்கும், மார்ச் தொடக்கம் அதற்கு ஏற்ற மாதமும்கூட. ஆனால் எந்த வாசலில் நுழைகிறீர்கள் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தோட்டத்தின் முக்கியக் கட்டடங்கள் தெற்கிலிருந்து வடக்காக, கிட்டத்தட்ட கட்டப்பட்ட கால வரிசையிலேயே நிற்கின்றன. தெற்கு வாசலில் நுழைந்து வடக்கே வெளியேறினால் சுமார் 150 வருடக் கட்டடக்கலை தானாக வரிசைப்படி கண்ணில் படும். வடக்கே நுழைந்தால் அதே சங்கதி தலைகீழாக வந்து, நாலு குவிமாடமும் ஒன்றுபோலவே தெரியும். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று திரும்பி வருபவர்களில் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தான்.

ஏறத்தாழ 90 ஏக்கர். இது மன்னர்கள் போட்ட தோட்டம் அல்ல. கல்லறைகள் 15, 16-ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. அவற்றைச் சுற்றிப் பின்னாளில் கைர்பூர் என்றொரு கிராமம் வளர்ந்தது. ஆங்கிலேயர் புது தில்லியைக் கட்டியபோது கிராமத்தாரை அப்புறப்படுத்தி, புல்வெளி அமைத்து, 1936 ஏப்ரல் 9 அன்று லேடி வில்லிங்டன் பூங்கா என்று வைஸ்ராயின் மனைவி பெயரில் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு லோதி தோட்டம் ஆயிற்று. இன்று காணும் வளைந்த பாதைகளும் ஏரியும் கண்ணாடி வீடும் 1968-இல் ஜோசப் ஸ்டைன், காரெட் எக்போ என்ற இரு வடிவமைப்பாளர்கள் மாற்றி அமைத்ததன் விளைவு. பக்கத்திலுள்ள இந்தியா இன்டர்நேஷனல் சென்டர் கட்டடமும் ஸ்டைன் வடிவமைத்ததுதான். தோட்டத்தை நகராட்சிக் கவுன்சிலும் கட்டடங்களைத் தொல்லியல் துறையும் பராமரிக்கின்றன. அதனால் தோட்டம் இருட்டிய பிறகும் சற்று நேரம் திறந்திருந்தாலும் கல்லறைகளின் உள்ளே பார்க்க சூரிய வெளிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும்.

மெட்ரோவில் வந்தால் மஞ்சள் லைனில் ஜோர் பாக் நிலையம். புது தில்லி ரயில் நிலையத்தில் ஏறினால் மாறாமல் ஆறாவது நிறுத்தம். வெளியே வந்து லோதி சாலையில் கிழக்கு நோக்கி நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒன்றாம் எண் வாசல், மேலே சொன்ன தெற்கு வாசல் இதுதான். அம்மாவுக்கு அந்த நடை வேண்டாம், அவருடைய கால் பலத்தை உள்ளே செலவழிக்கட்டும்; நிலையத்திலிருந்தே ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோக்காரரிடம் "லோதி" என்று மட்டும் சொல்லாதீர்கள். லோதி ரோடு, லோதி காலனி, லோதி எஸ்டேட் எல்லாம் அக்கம்பக்கத்தில் தனித்தனி இடங்கள். லோதி ரோடு என்றால் நீளமான அந்தச் சாலையில் எங்காவது இறக்கிவிட்டுப் போய்விடுவார். "லோதி கார்டன், ஏக் நம்பர் கேட், மௌசம் பவன் கே சாம்னே" என்றால் குழப்பமே இல்லை. மௌசம் பவன் என்பது வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம், வாசலுக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. திருக்குறள் எக்ஸ்பிரஸ் மாதிரி ஹஸ்ரத் நிஜாமுதீனில் வந்து நிற்கும் ரயிலில் வருகிறவர்கள் மெட்ரோவைத் தேடிச் சுற்றவே வேண்டாம், அங்கிருந்து நேரே ஆட்டோ.

காலை ஏழரைக்குள் உள்ளே இருந்தால் நல்லது. வெயில் ஒரு காரணம் என்றாலும் மார்ச் தொடக்கத்தில் அது பெரிய தொல்லை இல்லை. முக்கியக் காரணம் வெளிச்சம் விழும் திசை. இந்தியாவில் தொழுகைத் திசை மேற்கு, ஆகவே மசூதியின் முகப்பு கிழக்கைப் பார்த்திருக்கும். இங்குள்ள மிக அழகான சுதை வேலை ஒரு மசூதி முகப்பில்தான் இருக்கிறது. காலைச் சூரியன் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்தும் புடைத்துத் தெரியும், மதியத்துக்கு மேல் அதே சுவர் நிழலில் மங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். விரிப்பு, சாப்பாட்டுக் கூடை, பந்து சகிதம் தில்லியே அங்கே வந்துவிடும். வேறு மாதத்தில் போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரியில் காலைப் பனிமூட்டம் குவிமாடத்தையே விழுங்கிவிடும், பத்து மணிக்கு மேல் போக வேண்டும். நவம்பரில் கிளம்பும் முன் காற்றின் தரக் குறியீட்டைப் பாருங்கள், மூத்தவர்கள் உடன் இருந்தால் கட்டாயம். மே, ஜூன் வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் அங்கே வேலை இல்லை.

ஒன்றாம் வாசலில் நுழைந்ததும் முதலில் எதிர்ப்படுவது முகமது ஷாவின் கல்லறை. சையித் வம்சத்தின் மூன்றாவது சுல்தான். 1440-களின் நடுவில் மகன் ஆலம் ஷா கட்டியது. அந்த மகன் சில வருடங்களில் தில்லியே வேண்டாம் என்று பதாயூனுக்குப் போய்விட்டார், 1451-இல் பஹ்லோல் லோதி அரியணை ஏறினார். ஆக, லோதி தோட்டத்தின் முதல் கட்டடம் லோதிகளுடையதே அல்ல.

இங்கே பையனை எண்ணவிடுங்கள். எண்கோணக் கட்டடம், பக்கத்துக்கு மூன்று வளைவு, ஆக வெளித் தாழ்வாரத்தில் இருபத்து நான்கு. கூரையில் பக்கத்துக்கு ஒன்றாக எட்டுக் குட்டிக் குடை மண்டபங்கள், நடுவில் குவிமாடம், அதன் உச்சியில் கவிழ்ந்த தாமரையின் மேல் கலசம். வளைவுகளுக்கு மேலே நீண்டிருக்கும் கல் சஜ்ஜா, நம் கொத்தனார்கள் சன்ஷேடு என்பார்களே, அதேதான். மூலைகளைப் பாருங்கள்: எட்டு மூலையிலும் முட்டுத்தூண் அடியில் அகன்று மேலே போகப்போக ஒடுங்கிச் சாய்ந்திருக்கும். இது முந்தைய துக்ளக் காலத்துக் கோட்டைச் சுவர்களின் பழக்கம். கட்டடம் கூரைக்கு மேலே மாறத் தொடங்கிவிட்டது, கீழே இன்னும் பழைய பாணியை விடவில்லை. உள்ளே பல சமாதிகள், நடுவில் இருப்பது சுல்தானுடையது என்பார்கள். எல்லாச் சமாதியும் வடக்கு தெற்காகவே கிடக்கும். தோட்டத்தில் திசை குழம்பினால் ஏதாவதொரு சமாதியைப் பார்த்தால் போதும், கைப்பேசியில் திசைகாட்டி தேட வேண்டாம்.

இந்த எண்கோணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத் தில்லியில் பொதுவாக சுல்தானுக்கு எண்கோணம், பிரபுக்களுக்குச் சதுரம். அடுத்து வரும் இரண்டும் சதுரம்.

வடக்கே நடந்தால் பாரா கும்பத், 'பெரிய குவிமாடம்'. தோட்டத்தின் படம் என்று இணையத்தில் வருவது பெரும்பாலும் இதுதான். வெளியிலிருந்து இரண்டு மாடிபோல் தெரியும், உள்ளே போனால் ஒரே உயரக் கூடம். உள்ளே சமாதி இல்லை. அதனால் இது கல்லறையா, பக்கத்து மசூதிக்கான வாசலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். கீழே நான்கு சுவர், மேலே வட்டக் குவிமாடம். சதுரத்தின் மேல் வட்டத்தை உட்கார வைத்தால் நான்கு மூலையும் அந்தரத்தில் நிற்கும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு மூலையிலும் குறுக்காக ஒரு வளைவு, நான்கு எட்டாகிறது. அதற்கு மேலே எட்டின் மூலைகளை இன்னும் வெட்டிப் பதினாறு. பதினாறு பக்கம் வந்துவிட்டால் வட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு சாண் காரைதான். பையன் இதைப் புரிந்துகொண்டுவிட்டால் குதுப் வளாகத்திலும் ஹுமாயூன் கல்லறையிலும் அவனே மேலே பார்த்து எண்ணத் தொடங்குவான்.

இதன் மேற்கில், அதே மேடையில் உள்ள மசூதிதான் நான் சொன்ன சுதை வேலை. 1494, சிக்கந்தர் லோதி காலம். முகப்பில் ஐந்து வளைவுகள். தூரத்திலிருந்து செதுக்கிய கல் என்றே தோன்றும், அது கல் இல்லை. முரட்டுக் கல் சுவரின் மேல் சுண்ணாம்புக் காரை பூசி, காய்வதற்குள் குரான் வசனங்களும் கொடிகளும் வெட்டியிருக்கிறார்கள். கருங்கல் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏதோ குறைவானது போலப் படலாம். கிட்டே போய் ஓர் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள்: மேற்பரப்புக்கும் பின்னால் உள்ள பள்ளத்துக்கும் இடையே நிழல் விழும் அளவு ஆழம் இருக்கும், அந்தப் பள்ளத்திலும் ஒரு கொடி ஓடும். தொட வேண்டாம். சுண்ணாம்பு கையில் பொடியாக வரும், ஐந்நூறு வருட வேலை அப்படித்தான் கரைகிறது. அப்படியே சுற்றிப் பின்சுவருக்குப் போங்கள், பெரும்பாலோர் போகமாட்டார்கள். மூலைகளில் மேலே ஒடுங்கும் கோபுரத் தூண்கள், குதுப் மினாரின் சிறிய நகல்போல. மசூதிக்கு எதிர்ப்புறம் உள்ள நீண்ட கட்டடத்தை விருந்தினர் கூடம் என்கிறார்கள்.

பாரா கும்பத்துக்கு நேர் வடக்கே, கூப்பிடு தூரத்தில் ஷீஷ் கும்பத், 'கண்ணாடிக் குவிமாடம்'. கண்ணாடி எதுவும் இல்லை. ஒரு காலத்தில் முகப்பில் பதித்திருந்த பளபளப்பான நீல ஓடுகளால் வந்த பெயர். மேல்வரிசையில் சில இடங்களில் மட்டும் நீலம் மிஞ்சியிருக்கிறது. உள்ளே பல சமாதிகள், யாருடையவை என்று உறுதியில்லை. பத்து நிமிடம் போதும். ஆனால் இரண்டு கட்டடங்களுக்கும் நடுப் புல்வெளியில் நின்று படம் எடுக்க நினைத்தால் ஒன்று: உங்களுக்கு வடக்கே ஷீஷ் கும்பத்தின் தெற்கு முகப்பில் வெயில் படும், பாரா கும்பத்தின் வடக்கு முகம் நிழலில் இருக்கும். கட்டடம் தெளிவாக வர வேண்டுமானால் ஷீஷ் கும்பத்தின் முன்னால் குடும்பத்தை நிறுத்துங்கள்.

அதற்கும் வடக்கே, மரங்களுக்கிடையே கோட்டைபோல ஒரு மதில் தெரியும். பலர் ஏதோ பூட்டிய வளாகம் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அதுதான் சிக்கந்தர் லோதியின் கல்லறை. 1517-இல் இறந்த தந்தைக்கு மகன் இப்ராகிம் கட்டியது. ஆக்ராவைத் தலைநகராக்கிய சுல்தான் இவர். ஆக்ரா போகிறவர்கள் அக்பர் கல்லறையைப் பார்க்கப் போகும் சிக்கந்தரா என்ற ஊரின் பெயரும் இவருடையதே. வாசல் தெற்கில். முன்மேடையில் இரண்டு குடை மண்டபங்கள், அவற்றில் நீல ஓட்டின் மிச்சம். உள்ளே மறுபடி எண்கோணம்.

முகமது ஷாவின் கல்லறையில் பார்த்ததை இப்போது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அதே எண்கோணம், அதே தாழ்வாரம், அதே மூன்று மூன்று வளைவு. கூரையில் அந்த எட்டுக் குடை மண்டபங்கள் மட்டும் இல்லை. அதற்குப் பதில் வந்தவை இரண்டு. ஒன்று, மதில் சூழ்ந்த முற்றம்: கல்லறை இனி வெட்டவெளியில் நிற்கவில்லை, சதுரத் தோட்டத்தின் நடுவில் நிற்கிறது. மேற்கு மதிலே தொழுகைச் சுவராகவும் பயன்பட்டது. இரண்டாவது, குவிமாடத்தை உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரட்டை ஓடாகக் கட்டும் முயற்சி, இந்தியாவில் ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று. உள்ளே நிற்பவருக்குக் கூரை பொருத்தமான உயரத்தில் இருக்க வேண்டும், வெளியே நிற்பவருக்குக் குவிமாடம் உயரமாகத் தெரிய வேண்டும். ஒரே ஓட்டில் இரண்டும் நடக்காது. இந்த மதிலையும் இரட்டை ஓட்டையும் எடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கிய மாதிரி இருப்பது ஹுமாயூன் கல்லறை, அடுத்த நூற்றாண்டில் தாஜ்மகால். பானிபட்டில் 1526-இல் இப்ராகிமைத் தோற்கடித்து தில்லிக்குள் வந்த பாபர் பார்க்கப் போன இடங்களில் சிக்கந்தரின் கல்லறையும் ஒன்று என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். உள்ளே ஒரே ஒரு சமாதி. இருட்டாக இருக்கும், வௌவால் வாடை வரலாம். கைப்பேசி விளக்கோடு போங்கள்.

மதிலை விட்டு வெளியே வந்து கிழக்கே இறங்கினால் ஆட்புலா என்ற பழைய பாலம். பெயரில் எட்டு (இந்தியில் 'ஆட்') இருப்பதால் எட்டுக் கண் பாலம் என்று எண்ணி, ஏழுதான் வருகிறதே என்று பையன் சண்டைக்கு வருவான். எட்டு என்பது தாங்கும் தூண்களின் கணக்கு, அவற்றுக்கிடையே வளைவு ஏழு. நடுக்கண் அகலமானது. அக்பர் காலத்தில் நவாப் பகதூர் என்பவர் கட்டியது. யமுனையில் போய்ச் சேர்ந்த ஓடை ஒன்றின் மேல் கட்டினார்கள், ஓடை போய்விட்டது. இப்போது கீழே தெரிவது தோட்டத்து ஏரித் தண்ணீர், அதில் வாத்துகள்.

அம்மாவைப் பொறுத்தவரை: ஒன்றாம் வாசலிலிருந்து ஆட்புலா வரை நேராக நடந்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், தளம் போட்ட பாதை, வழியெங்கும் பெஞ்சு. நடையைவிடப் படிகள்தான் சிரமம். முகமது ஷா கல்லறையில் சில படிகள், ஏறிவிடலாம். பாரா கும்பத் மேடைப் படிகள் உயரமானவை, பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் கத்தும். மூன்றில் ஒன்றுக்குத்தான் தெம்பு என்றால் அந்த ஒன்று இதுவாக இருக்கட்டும், மசூதிச் சுதையைக் கிட்டே பார்க்காமல் வருவது வீண். சிக்கந்தர் கல்லறை வாசலிலும் படியும் உயர்ந்த நிலைப்படியும் உண்டு. அங்கே அவர் வெளியே மர நிழலில் உட்கார்ந்து கொள்ளலாம். சுற்றி முடிக்க நிதானமாக இரண்டரை மணி நேரம் வையுங்கள்.

குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்தே எடுத்துப் போங்கள். உள்ளே இட்லி வடை எதிர்பார்க்க வேண்டாம், காலைப் பலகாரத்தை முடித்துவிட்டு வருவது உத்தமம். ஒன்றாம் வாசல் பக்கத்திலேயே ஓர் உணவகம் உண்டு, விலை எகிறும். கழிப்பறைகள் இருக்கின்றன, வாசலருகே கண்ணில் பட்டதும் அம்மாவையும் பையனையும் அனுப்பிவிடுங்கள், அடுத்தது எங்கே என்று தேடி அலையும் வேலை மிச்சம். தெருநாய்கள் ஏராளம், பெரும்பாலும் வெயில் காய்ந்து தூங்கும். பையன் கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தால் மட்டும் எழுந்து வரும்.

மார்ச் தொடக்கத்தில் இன்னொரு லாபம் முள்ளிலவு. இலையே இல்லாத மரத்தில் கையளவு சிவப்புப் பூக்கள், அடியில் சிவப்புக் கம்பளம், மேலே தேனுக்கு வந்த மைனாக்களின் கூச்சல். மருதம், வேம்பு, நாவல், அரசு எல்லாம் நமக்குப் பழகிய மரங்கள்தான். சற்று அண்ணாந்து நடந்தால் சாம்பல் இருவாச்சி தென்படும். நம் ஊரில் இருவாச்சி என்றாலே மலையேற வேண்டும் என்ற எண்ணம் உண்டு, இங்கே தலைநகர் நடுவில் அத்திப்பழம் தின்றுகொண்டிருக்கும். புல்லில் கொண்டலாத்தி, பாழடைந்த மாடங்களில் பச்சைக்கிளி. கொன்றை பூக்க மே வர வேண்டும், அதற்காகக் காத்திருக்க முடியாது.

கைப்பேசியில் படம் எடுக்க யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். முக்காலி, விளக்கு என்று விரித்தால் காவலர் வருவார், அதற்கு முன் அனுமதி வேண்டும். சுவரில் பெயர் கீறுவது தொல்லியல் சட்டப்படி குற்றம், இரண்டு வருடம்வரை சிறையோ ஒரு லட்சம்வரை அபராதமோ உண்டு. பையனுக்கு இதை உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே ஏற்கெனவே கீறியிருக்கும் பெயர்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும்.

திரும்பும்போது ஒன்றாம் வாசலுக்கு நடக்காதீர்கள். ஆட்புலா பக்கத்து வாசலில் ராஜேஷ் பைலட் சாலைக்கு வெளியேறினால் கிழக்கே பத்து நிமிடத்தில் கான் மார்க்கெட். அதை ஒட்டியுள்ள சாலைகளின் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: ஒன்று சுப்பிரமணிய பாரதி மார்க், இன்னொன்று மகரிஷி ரமண் மார்க். அங்கே வயலட் லைன் நிலையம் இருக்கிறது, கஷ்மீரி கேட் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தமே சென்ட்ரல் செக்ரட்டேரியட். அதில் மஞ்சள் லைனுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் புது தில்லி. அம்மாவுக்கு இன்னும் தெம்பிருந்து மதியமும் காலியாக இருந்தால் மட்டும், மெட்ரோவுக்குப் பதில் ஆட்டோ எடுத்து ஜோர் பாக் நிலையத்தருகே உள்ள சப்தர்ஜங் கல்லறைக்குப் போங்கள். 1754, டிக்கெட் உண்டு, அங்கே மதிலும் தோட்டமும் குவிமாடமும் அந்த வரிசையின் கடைசி முனையில் நிற்கும்.